ஒன்பது: பத்துக்கு ஒன்று குறை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்த பெருமக்கள் வந்து இலக்கியம் பேசுவதும், நாம் கேட்டு மகிழ்வதும் வழக்கம். இவ்வாண்டு நம் செயலாளர் அவர்கள், "உறுப்பினருள் ஒருவரும் பேச வேண்டும், தமக்குத் தெரிந்த பொருளைப் பற்றிப் பேசட்டும்" என்று கூறி, அப்பணியை என் தலையில் வைத்துவிட்டார். நான் மெட்ரிக்குலேஷன் தேறியவன். அதற்கு மேல் கல்லூரி வாயிலை மிதித்தவன் அல்லேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து வருகிறேன். காலை முதல் மாலை வரை என் கண்முன் நிற்பவை எண்களே. ஆகவே எண் ஒன்றைப் பற்றியே பேசுவதென்று துணிந்தேன். அவ்வெண் ஒன்பது.

ஒன்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும், நவக்கிரகம், நவரத்தினம், நவராத்திரி என்று பட்டியல் வாசிக்கப் போகிறேன் என எண்ண வேண்டா. ஒன்பது கணக்கில் என்ன வேலை செய்கிறது, எதனால் செய்கிறது, எவ்விடத்தில் அது நம்மைக் கைவிடும் என்னும் மூன்றையே சொல்ல விழைகிறேன்.

முதலில் குழந்தைகளுக்கு. ஒன்பதாம் வாய்பாடு கடினம் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரு கைகளையும் முகத்துக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். மூவொன்பது எத்தனை? இடப்பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாம் விரலை மடக்குங்கள். மடக்கிய விரலுக்கு இடப்பக்கம் இரண்டு விரல்கள், வலப்பக்கம் ஏழு விரல்கள். விடை 27. ஏழொன்பது எத்தனை? ஏழாம் விரலை மடக்குங்கள். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் மூன்று. விடை 63. ஒன்று முதல் பத்து வரை எந்த விரலை மடக்கினாலும் விடை சரியாக வரும். வாய்பாடு முழுவதும் நம் கையிலேயே எழுதியிருக்கிறது.

இனி அவ்வாய்பாட்டைத் தாளில் எழுதிப் பாருங்கள்: 9, 18, 27, 36, 45, 54, 63, 72, 81, 90. பத்தின் இலக்கம் ஒவ்வொரு படியிலும் ஒன்று ஏறுகிறது. ஒன்றின் இலக்கம் ஒன்று இறங்குகிறது. எந்த விடையை எடுத்து இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பதே வரும். முன்பாதியைத் திருப்பி எழுதினால் பின்பாதி கிடைக்கும்: 18-க்கு 81, 27-க்கு 72, 36-க்கு 63, 45-க்கு 54.

இதனைக் கேட்டு வியப்பவர் பலர். எதனால் என்று வினவுபவர் சிலரே. காரணம் மிக எளியது. ஒன்பதைக் கூட்டுவது என்பது பத்தைக் கூட்டி ஒன்றைக் கழிப்பதாகும். பத்தைக் கூட்டுவதால் பத்தின் இலக்கம் ஒன்று ஏறுகிறது. ஒன்றைக் கழிப்பதால் ஒன்றின் இலக்கம் ஒன்று இறங்குகிறது. ஒரு பக்கம் ஏறியது மறுபக்கம் இறங்கியதால் கூட்டுத்தொகை மாறவில்லை. ஒன்பதின் பெருமை அனைத்துக்கும் வேர் இதுதான்: அது பத்துக்கு ஒன்று குறை. இன்று நான் சொல்லப் போகும் செய்திகள் யாவும் இவ்வொரு செய்தியின் கிளைகளே.

நம் தாய்மொழியில் இவ்வுண்மைக்கு ஒரு சுவடு இருக்கிறது. ஒன்பது என்ற சொல்லின் கடைசியில் 'பது' நிற்கிறது. இருபது, முப்பது, நாற்பது என்பவற்றில் 'பது' என்றால் பத்து. பத்தைத் தொடாத எண்ணின் பெயரில் பத்து எப்படி வந்தது? அதுபோலவே எண்பதுக்கு அடுத்து வருவது தொண்ணூறு. நூற்றை எட்டாத எண்ணின் பெயர் நூறு என்று முடிகிறது. எண்ணூறுக்கு அடுத்து வருவது தொள்ளாயிரம். ஆயிரத்தை எட்டாத எண்ணின் பெயர் ஆயிரம் என்று முடிகிறது. ஒன்பது எங்கு வந்தாலும் அதற்கு மேலுள்ள படியின் பெயரைத் தாங்கி வருகிறது. ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் தொண்ணூறு ஆகும் என்றும், ஒன்பதும் நூறும் சேர்ந்தால் தொள்ளாயிரம் ஆகும் என்றும் தொல்காப்பியம் தனி விதியே வகுத்திருக்கிறது. பண்டைத் தமிழில் ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றொரு பெயரும் இருந்தது. பரிபாடலில் அச்சொல் எண்வரிசையிலேயே வருகிறது. தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியவற்றின் முதற்பகுதி அத்தொண்டுதான் என்பர். ஒன்பது என்பதற்கே 'பத்துக்கு ஒன்று குறைந்தது' எனப் பொருள் காண்பாரும் உளர்.

நம் காலனிக் குழந்தைகள் பள்ளியில் இந்தியில் எண்ணிப் பழகுகிறார்கள். அவர்களைக் கேட்டால் இதற்கு இணையான ஒன்றைச் சொல்வார்கள். 19-க்கு இந்தியில் 'உன்னீஸ்', 29-க்கு 'உன்தீஸ்', 39-க்கு 'உன்தாலீஸ்', 49-க்கு 'உன்சாஸ்'. இவற்றின் முன்னே நிற்கும் 'உன்' என்பது, குறைந்தது என்னும் பொருளுடைய 'ஊன' என்ற வடசொல்லின் சிதைவு. வடமொழியில் 19-ஐ 'ஏகோனவிம்சதி' என்பார்கள். ஒன்று குறைந்த இருபது என்பது பொருள். 79 வரை இம்முறை நடக்கிறது. 89-க்கும் 99-க்கும் வந்ததும் இந்தி இவ்வழியை விட்டு, 'நவாசி', 'நின்யான்வே' என்று ஒன்பதைக் கொண்டே பெயரிடுகிறது. முப்பத்தொன்பது என்று கேட்டால் நாற்பத்தொன்பது என்று எழுதும் குழந்தையை வீட்டில் கடிந்து கொள்ளாதீர்கள். நாற்பதுக்கு ஒன்று குறை என்று ஒரு மொழியிலும், முப்பதோடு ஒன்பது என்று மற்றொரு மொழியிலும் அக்குழந்தை எண்ணிக் கொண்டிருக்கிறது. இரு மொழிகளின் வழியையும் அருகருகே வைத்துக் காட்டினால் குழப்பம் தெளிவாகும்.

இனிக் கணக்கிற்குள் சற்று ஆழமாகச் செல்வோம். ஓர் எண்ணை ஒன்பதால் வகுத்தால் மீதி எவ்வளவு என்று அறிய வகுக்கவே வேண்டியதில்லை. இலக்கங்களைக் கூட்டினால் போதும். 347 ஆரஞ்சுப் பழங்கள் இருப்பதாகக் கொள்வோம். நூறு பழம் கொண்ட பெட்டிகள் மூன்று, பத்துப் பழம் கொண்ட கூடைகள் நான்கு, உதிரி ஏழு. இவற்றை ஒன்பது ஒன்பதாகப் பகிர வேண்டும். நூறு பழப் பெட்டியிலிருந்து 99 பழங்களை ஒன்பது ஒன்பதாக எடுத்துவிடலாம், ஒன்று எஞ்சும். பத்துப் பழக் கூடையில் ஒன்பது போக ஒன்று எஞ்சும். ஆகவே பெட்டிக்கு ஒன்றாக மூன்று, கூடைக்கு ஒன்றாக நான்கு, உதிரி ஏழு, மொத்தம் 14. அதிலும் ஒன்பதை நீக்கினால் 5. வகுத்துப் பாருங்கள்: 38 ஒன்பது 342, மீதி 5. ஆயிரம் ஆனாலும் இலட்சம் ஆனாலும் இதுவே முறை. ஏனெனில் 999-உம் 99,999-உம் ஒன்பதின் மடங்குகளே.

இதனைக் கொண்டு நம் முன்னோர் கணக்கைச் சரிபார்த்தனர். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் எனக் கருதப்படும் இரண்டாம் ஆரியபட்டர், தம் 'மகாசித்தாந்தம்' என்னும் நூலில் இம்முறையைக் கூறியிருக்கிறார். 1356-இல் 'கணித கௌமுதி' இயற்றிய நாராயண பண்டிதர், ஒன்பது மட்டுமின்றி விரும்பிய எந்த எண்ணைக் கொண்டும் இவ்வாறு சோதிக்கலாம் என்று விரித்தார். முறை இது: 238-ஐ 47-ஆல் பெருக்கினால் 11,186 என்று ஒருவர் சொல்கிறார். 238-இன் இலக்கங்கள் கூடினால் 13. அதன் இலக்கங்கள் கூடினால் 4. 47 கூடினால் 11, அது 2. நாலிரண்டு எட்டு. விடையாகிய 11,186-இன் இலக்கங்கள் கூடினால் 17, அது 8. எட்டும் எட்டும் பொருந்துகின்றன. பொருந்தாவிடில் கணக்கு தவறு என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம்.

குழந்தைகளே, இன்றிரவு வீட்டில் ஒரு விளையாட்டு ஆடுங்கள். உங்கள் அம்மாவை நான்கு இலக்க எண் ஒன்றை உங்களுக்குக் காட்டாமல் எழுதச் சொல்லுங்கள். அதைத் திருப்பி எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கச் சொல்லுங்கள். விடையில் சுழியல்லாத ஏதேனும் ஓர் இலக்கத்தை அடித்துவிட்டு, எஞ்சியவற்றின் கூட்டுத்தொகையை மட்டும் கேளுங்கள். அம்மா 7342 எழுதினார் என்போம். திருப்பினால் 2437. கழித்தால் 4905. நான்கை அடித்துவிட்டு, "பதினான்கு" என்கிறார். அடுத்து வரும் ஒன்பதின் மடங்கு 18. பதினெட்டில் பதினான்கு போக நான்கு. அடித்த இலக்கம் நான்கு என்று நீங்கள் சொல்லிவிடலாம். எஞ்சியவற்றின் கூட்டுத்தொகையே ஒன்பதின் மடங்காக வந்தால், அடித்த இலக்கம் ஒன்பது. திருப்பி எழுதினாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே இரண்டு எண்களும் ஒன்பதால் வகுக்க ஒரே மீதி தரும். கழித்தால் அம்மீதி அழிந்து ஒன்பதின் மடங்கு மட்டும் நிற்கும். விளையாட்டின் மறைபொருள் அவ்வளவே.

இதே கழித்தலிலிருந்து மற்றொரு விந்தையைக் கண்டவர் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர். நாசிக் அருகே நம் ரயில்கள் நின்று செல்லும் அதே தேவ்லாலிதான். எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழியுங்கள். விடைக்கும் அவ்வாறே செய்யுங்கள். 3524 என்றால், 5432-இல் 2345 போக 3087. அடுத்து 8730-இல் 378 போக 8352. அடுத்து 8532-இல் 2358 போக 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும், ஏழு முறைக்குள் 6174 வந்து நின்றுவிடும், அதன்பின் மாறாது. 1949-இல் சென்னையில் கூடிய கணித மாநாட்டில் இதனை அவர் அறிவித்தார். இங்கும் ஒன்பது மறைந்திருக்கிறது. படிதோறும் வரும் விடை ஒன்பதின் மடங்கே. 6174 என்பது 686 ஒன்பது. பல்கலைக்கழக ஆசிரியராக இல்லாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொண்டே ஒருவர் இவ்வளவு கண்டார் என்பது, என்னைப் போன்றவர்களுக்கு ஊக்கம் தரும் செய்தி.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கணக்கு எழுதுவோர் அடிக்கடி செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிடுவது. 5,480 என்பதை 5,840 என்று எழுதுவது போல. மற்றொன்று, ஒரு சுழியைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவது. 45 என்பதை 450 என்று எழுதுவது போல. இவ்விரு பிழைகளாலும் வரும் வேறுபாடு எப்போதும் ஒன்பதால் வகுபடும். முதற்பிழையில் வேறுபாடு 360. ஒன்பதால் வகுத்தால் 40. நூறின் இடத்திலும் பத்தின் இடத்திலும் உள்ள இலக்கங்கள் இடம் மாறின என்பதையும், அவற்றிடையே உள்ள வேறுபாடு நான்கு என்பதையும் அந்த 40 காட்டிவிடுகிறது. இரண்டாம் பிழையில் வேறுபாடு 405. ஒன்பதால் வகுத்தால் 45. பிழைபட்ட தொகையே விடையாக வந்து நிற்கிறது.

இதன் அருமையை 2003-ஆம் ஆண்டில் நேரில் கண்டேன். அப்போது நான் வேறோர் ஊரில் ஒரு சிறு நிலையத்தில் பணிபுரிந்தேன். எங்களோடு புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவன் பணம் வாங்கும் மேசையில் இருந்தான். ஒருநாள் மாலை கணக்கு முடித்தபோது, பேரேட்டில் உள்ளதைவிடப் பெட்டியில் 1,620 ரூபாய் குறைந்தது. புதியவன், அயலூரான், தங்கையின் திருமணத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறான் என்பது அனைவர்க்கும் தெரியும். அறைக்கு வெளியே முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது. தொகையை அவன் கையிலிருந்து கட்ட நேர்வது ஒருபுறம். கள்வன் என்ற பெயர் மறுபுறம். தொகையைச் சில மாதங்களில் அடைத்துவிடலாம். அப்பெயரோ அவன் மாற்றலாகிப் போகும் ஊர்தோறும் அவனுக்கு முன்னே போய் நிற்கும்.

ஓய்வு பெற ஓராண்டே இருந்த பெரிய குமாஸ்தா ஒருவர் அங்கே இருந்தார். இந்நாட்டவர், தமிழர் அல்லர். அவர் எவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொகையைக் காகிதத்தில் எழுதி ஒன்பதால் வகுத்தார். 180 வந்தது. "பேரேட்டில் ஆயிரத்து எண்ணூறு என்று எழுதிய இடங்களைப் பாருங்கள், ஏதேனும் ஒன்றின் ரசீது அடிக்கட்டையில் நூற்றெண்பது இருக்கிறதா என்று தேடுங்கள்" என்றார். அன்றைய பேரேட்டில் 1,800 என்ற பதிவு இரண்டு இருந்தன. ஒன்றின் அடிக்கட்டை 1,800 என்றே இருந்தது. மற்றொன்றின் அடிக்கட்டையில் 180 என்று எழுத்திலும் எண்ணிலும் தெளிவாக இருந்தது. பேரேட்டில் ஒரு சுழி கூடியிருந்தது. பெட்டியில் ஒரு காசும் குறையவில்லை.

அன்றே அவர் எனக்குச் சொன்ன அறிவுரை ஒன்று உண்டு. வேறுபாடு ஒன்பதால் வகுபடுகிறது என்பதனால் மட்டும், பிழை இன்னதுதான் என்று துணிந்துவிடலாகாது. எண்களில் ஒன்பதுக்கு ஒன்று தானாகவே ஒன்பதால் வகுபடும். உண்மையாகவே ஒருவன் 1,620 ரூபாயை எடுத்திருந்தாலும் அத்தொகை ஒன்பதால் வகுபட்டிருக்கும். எங்கே தேட வேண்டும் என்பதை மட்டுமே ஒன்பது சொல்லும். சாட்சி சொல்ல வேண்டியது அடிக்கட்டை. அவ்விளைஞனைக் காத்தது அடிக்கட்டை. அடிக்கட்டையை அன்று மாலையே எடுத்துப் பார்க்க வைத்தது ஒன்பது.

ஒன்பது கைவிடும் இடமும் இதனோடு சேர்ந்தே இருக்கிறது. முன்னே நான் காட்டிய பெருக்கலில் 11,186 என்ற விடையை ஒருவர் 11,168 என்று மாற்றி எழுதிவிட்டார் என்று கொள்ளுங்கள். இலக்கங்களின் கூட்டுத்தொகை அதே 17. ஒன்பதின் சோதனையில் தவறான விடையும் சரியென்றே தேறிவிடும். ஒன்பதுக்குப் பதில் சுழியை எழுதினாலும் அது கண்டுகொள்ளாது. எப்பண்பினால் பேரேட்டின் வேறுபாட்டில் இடமாற்றப் பிழைக்கு அது அடையாளம் காட்டியதோ, அப்பண்பினாலேயே பெருக்கலின் சோதனையில் அதே பிழையைக் காணாமல் விட்டுவிடுகிறது. ஆகவே ஒன்பது 'தவறு' என்றால் நம்பலாம். அது வாளாவிருந்தால், சரி என்று கொண்டுவிடலாகாது.

ஒன்பது விட்டதைப் பிடிக்கப் பதினொன்று இருக்கிறது. ஒன்பது பத்துக்கு ஒன்று குறை. பதினொன்று பத்துக்கு ஒன்று மிகை. ஆகவே இங்கே இலக்கங்களை வலக்கோடியிலிருந்து ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்து, மாறி மாறிச் செல்ல வேண்டும். 238-க்கு எட்டில் மூன்று போக ஐந்து, இரண்டைக் கூட்ட 7. 47-க்கு ஏழில் நான்கு போக 3. ஏழ்மூன்று 21, பதினொன்று போக 10. விடையாகிய 11,186-க்கு ஆறில் எட்டுப் போக, ஒன்றைக் கூட்ட, ஒன்றைக் கழிக்க, ஒன்றைக் கூட்ட, ஒன்று குறைவு வரும். பதினொன்றைச் சேர்த்தால் 10. பொருந்துகிறது. 11,168-க்குச் செய்தால் 3 வரும், பொருந்தவில்லை. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வேறு இலக்கங்கள் இடம் மாறினால், பதினொன்றின் கண்ணுக்கு அது தப்பாது. நம் சங்க நூலகத்தில் சில நூல்களின் பின்னட்டையில் பத்து இலக்க நூலெண் அச்சிட்டிருப்பதைக் காணலாம். 2007-க்கு முன் வழங்கிய அவ்வெண்ணின் கடைசி இலக்கம் பதினொன்றைக் கொண்டு வகுத்த காவல் இலக்கமே.

நம் ரயில்வே வேகன்களின் பக்கத்தில் எழுதியிருக்கும் பதினோரிலக்க எண்ணைப் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வேகனின் வகை; அடுத்த இரண்டு அதற்கு உரிய ரயில்வே; அடுத்த இரண்டு செய்த ஆண்டு; அடுத்த நான்கு அதன் தனி எண்; கடைசி இலக்கம் காவல் இலக்கம். இரட்டைப்படை இடங்களில் நிற்கும் இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றைப்படை இடங்களில் நிற்பவற்றை அதனோடு கூட்ட வேண்டும். அடுத்து வரும் பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு குறைகிறதோ அதுவே கடைசி இலக்கம். எல்லா இலக்கங்களையும் வெறுமனே கூட்டினால் இடமாற்றப் பிழை தெரியாமல் போகும். அதற்காகவே ஓர் இடம் விட்டு ஓர் இடம் மூன்றால் பெருக்குகிறார்கள். அப்படியும் தம்முள் ஐந்து வேறுபடும் இலக்கங்கள், 1-உம் 6-உம் போன்றவை, அடுத்தடுத்து இடம் மாறினால் இம்முறைக்கும் தெரியாது. நம் ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கமும் ஒரு காவல் இலக்கமே. நெதர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறையால் அது வருகிறது. ஓர் இலக்கம் பிழையானாலும், அடுத்தடுத்த இரண்டு வேறு இலக்கங்கள் இடம் மாறினாலும் அம்முறை தவறாமல் பிடித்துவிடும். ஒன்பதைக் கொண்டு முன்னோர் தொடங்கிய காவல் இவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது.

இறுதியாக ஒன்று. ஒன்பதுக்கு ஏதோ தெய்வீக ஆற்றல் உண்டென்று சொல்லி, பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்பவர்களும், வண்டி எண்ணின் கூட்டுத்தொகை ஒன்பதாக வரக் காசு செலவிடச் சொல்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். மனிதனுக்குக் கைக்கு நான்கு விரலாக எட்டு விரல்களே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நாம் எட்டு எட்டாக எண்ணியிருப்போம். அப்போது ஏழாம் வாய்பாட்டை எழுதினால், ஈரேழு என்பது ஓர் எட்டும் ஆறும் ஆகையால் 16 என்று எழுதுவோம், மூவேழு என்பது இரண்டு எட்டும் ஐந்தும் ஆகையால் 25, நாலேழு 34. இலக்கங்களின் கூட்டுத்தொகை எப்போதும் ஏழு. இன்று ஒன்பதைப் போற்றுபவர்கள் அன்று ஏழைப் போற்றியிருப்பார்கள். ஒன்பதின் சிறப்பு அது நிற்கும் இடத்தால் வந்தது. பத்தின் வாயிலில் நிற்பதால், பத்தைக் கொண்டு எழுதும் கணக்கையெல்லாம் அதனால் பார்க்க முடிகிறது. அதன் பெருமையை இவ்வாறு அறிந்தால் பெருமை குறைவதில்லை. மேலும் தெளிவாகவே விளங்குகிறது.

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழ்கிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் மறவாதிருக்கப் பாட்டும் கதையும் சொல்லித் தருகிறோம். அவற்றோடு எண்ணுப் பெயர்களையும் சொல்லித் தாருங்கள். தொண்ணூறும் தொள்ளாயிரமும் அவர்கள் நாவில் பழகட்டும். வாய்பாட்டை ஒப்பிக்கச் செய்யுங்கள், ஒப்பித்து முடித்ததும், "ஏன் இப்படி வருகிறது?" என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளையோடு உட்கார்ந்து விரல் மடக்கிப் பாருங்கள். காரணம் தெரிந்து கற்ற கணக்கு, வாய்பாடு மறந்த பிறகும் கூடவே வரும். நாளை அவர்கள் எந்த ஊரில், எந்த மேசையில் அமர்ந்தாலும் தம் கணக்கையும், தம் அருகில் இருப்பவரின் நற்பெயரையும் காக்க உதவும்.